வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பொட்டு இல்லை

செப்டம்பர் 2, திங்கள்

இன்று திருட்டுத் தொழிலில் சேர்ந்துவிட்டேன். திருடுகிற பக்கம் அல்ல, எண்ணுகிற பக்கம்.

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம், மணிக்கார வீதியில் இருக்கும் வணிகர் சங்கத்தில் வேலை. சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் நாவல் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு இதுவே அதிகம் என்று அம்மா நினைக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புது டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

சங்கச் செயலாளர் சென்னியப்பன், அதே வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறு. சட்டைப் பையில் இரண்டு செல்போன். அதில் ஒன்று வேலை செய்யாது. அது திருடனுக்காக வைத்திருப்பதாம்.

"ஏனுங் அம்மணி, கூட்டத்துல பர்ஸு போவுது, கடைக்குள்ள சேலை போவுது, வாசல்ல நிறுத்துன வண்டி போவுது. எந்த வீதியில, எந்தக் கெழமையில அதிகம்னு கண்டுபுடிச்சு ஒரு அறிக்கை போட்டுக் குடுங்க. நவராத்திரி வெள்ளிக்கெழமை போலீஸ் தொணை ஆணையரம்மா வர்றாங்க."

"எதுக்குங்க சார்?"

"இந்த நடைபாதைக் கடைங்க பூராத்தையும் தீபாவளிக்கு முன்னால கொளத்துக்கு அக்கட்ட இருக்கற மைதானத்துக்கு மாத்திப்போடோணும். திருட்டுக்குக் காரணமே அந்த நெரிசல்தானுங்க. நாங்க சொன்னாப் போலீஸ்ல கேக்க மாட்டேங்கறாங்க. படிச்சவங்க எழுதிக் குடுத்தாக் கேப்பாங்க."

முடிவு தயாராக இருக்கிறது. அதற்குப் பொருத்தமான உண்மையைத் தேடிக் கட்டிவைக்க வேண்டியது என் வேலை. கல்யாணத் தரகரும் இதைத்தான் செய்கிறார்.

செப்டம்பர் 4, புதன்

சுவரில் பெரிய சார்ட் ஒன்றை ஒட்டினேன். இடப்பக்கம் வீதிகளின் பெயர்கள், மேலே ஏழு கிழமைகள். ஒரு திருட்டுக்கு ஒரு அடையாளம். வெளிநாட்டுப் புத்தகங்களில் வண்ணக் குண்டூசி குத்துகிறார்கள். சங்கத்தின் சுவரில் குண்டூசி இறங்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், மக்களோடு ஒத்துழைத்துப் பழக்கமில்லை. அதனால் ஸ்டிக்கர் பொட்டு.

வாசலுக்கு எதிரே, ஓரம் கிழிந்த பெரிய குடையின் கீழ் பேபியக்கா உட்கார்ந்திருக்கிறாள். பொட்டு, கிளிப், ஊக்கு, ரப்பர் பேண்ட். அம்மா ஊக்கு வாங்குவது அவளிடம்தான்.

"கறுப்பு, செவப்பு, பச்சை, மெரூன். நாலு கலர்லயும் நெறைய வேணும்க்கா."

"ஏங்கண்ணு, ஒரு நெத்திதான வெச்சிருக்க?"

"அக்கா பொண்ணுக்கு. ஸ்கூல்ல பிராஜெக்ட்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளை எதற்கு வீணாகக் கலவரப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பேன். அவள் பிள்ளை படிக்கிற விஷயம் என்று ஒரு அட்டை கூடுதலாகவே கொடுத்தாள்.

சிவப்பு, பர்ஸ். கறுப்பு, கடைச் சரக்கு. பச்சை, வண்டி. மெரூன், செயின். செயினுக்குப் பெரிய சைஸ். நம் சமூகத்தில் தங்கத்துக்கு உள்ள மரியாதையைச் சார்ட்டிலும் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆடி மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நடைபாதைக் கடைகள் போடக்கூடாது என்று சங்கம் சோதனை ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறது. வீதி பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. புகார் சொல்ல ஒருவர்கூட வரவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து நாவலில் ஒரு கொலையை முடித்தேன்.

வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா, "இன்னிக்கு இப்படியே சாப்பிடு, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். உப்பு ஜாடியை எட்டிப் பார்த்தேன். துடைத்து வைத்திருந்தது. தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்லக்கூடாதாம், வெள்ளிக்கிழமை. இந்த வீட்டில் ஒரு எம்.ஏ. சமூகவியல் வசிக்கிறது என்பது சுவர்களுக்குக்கூடத் தெரியாது.

செப்டம்பர் 9, திங்கள்

அறைக்குள் கால் வைக்கவே இடமில்லை. எல்லா வீதிகளிலிருந்தும் கடைக்காரர்கள். ஒருவருக்கு வேட்டிக் கட்டு, ஒருவருக்கு மிக்சி ஜாடி. ஒருவர், தன் கடைக்கு வந்த வாடிக்கையாளரின் பர்ஸுக்காகத் தன் பர்ஸ் மாதிரியே அழுதார். எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டு, பொட்டு ஒட்டினேன். திங்கள் கட்டத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்தால் எண்ணெய்க்கார வீதியின் குற்றங்கள் முழுவதும் தரையில் கிடக்கின்றன. பேபியக்கா பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறாள். பசை காய்ந்துபோன பொட்டுகள்.

"போன தீபாவளிச் சரக்கு கண்ணு. நெத்தியில வேர்வை இருக்கும், புடிச்சுக்கும். உன்ற செவுத்துக்கு வேர்க்குமா?" என்கிறாள் கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கோந்து தடவி ஒட்டினேன். பிறகுதான் உறைத்தது. சுவர் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லையே?

செப்டம்பர் 16, திங்கள்

மறுபடியும் கூட்டம். எனக்கு ஒரு கோட்பாடு பிறந்துவிட்டது. அறிக்கைக்காக இன்று எழுதிய பத்தியை இங்கும் எழுதி வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

"திங்கட்கிழமைத் திருடன் உழைப்பாளி வர்க்கத்தின் நேர்மையான நிழல். வார இறுதியில் கைக்காசைத் தீர்த்துவிட்டு, மற்றெல்லோரையும் போல வாரத்தின் முதல் நாளில் வேலைக்குத் திரும்புகிறான். விடுப்பு எடுப்பதில்லை. தாமதமாக வருவதில்லை."

சென்னியப்பன் இரண்டு தடவை படித்தார். "என்னமாத் தமிழுங்க! இந்தத் திருடனை நம்ம கடையில வேலைக்கு வெச்சுக்கலாமாட்ட இருக்குதே" என்றார். மதியம் எனக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி வந்தது. நான் பெருமைப்படவில்லை. கைப்பிடி முழங்கைக்கு நல்லது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, வெள்ளி

சென்னியப்பன் சார்ட்டின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஒரு விரலை நீட்டினார்.

"அம்மணி... வெள்ளிக்கெழமையப் பாருங்."

வெள்ளிக்கிழமைக் கட்டம் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு வீதியிலும் ஒரு பொட்டு இல்லை. நடைபாதைக் கடை இல்லாத நாளில் திருட்டே இல்லை!

இத்தனை நாளாக இது என் கண்ணில் படவில்லை. நான் திங்கட்கிழமையைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "நான் வாயால சொன்னேன், நீங்க செவுத்துல காட்டிப்போட்டீங்க." காபி வந்தது. கூடவே மைசூர்பாகு.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சாயந்திரத்துக்குள் எழுதிவிட்டேன். மறுக்க முடியாத சான்று. புத்தகங்களில் இப்படித்தான் வரும்.

செப்டம்பர் 23, திங்கள்

எதிர்ப்பக்கம் போகவில்லை. பொட்டு போதுமான அளவு இருக்கிறது. போவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

அறிக்கையில் கையெழுத்து வாங்குவதற்காகக் காலையில் சென்னியப்பன் கடைக்குப் போனேன். வீதி காலி. கடைக்குள் சுமாரான கூட்டம். பட்டுப் பிரிவில் ஒரு அம்மாளும் அவள் மகள் போல ஒருத்தியும் குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்றார்கள். நல்ல குடும்பத்துக் களை. குழந்தையை எட்டிப் பார்த்து நான் சிரித்துக்கூட வைத்தேன். போர்வை மட்டும்தான் தெரிந்தது. தூங்குகிறது போல என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு விற்பனைப் பெண் கீதாஞ்சலி ஓடி வந்தாள்.

"அண்ணா, அந்த மாம்பழ மஞ்சளும் ராமர் பச்சையும் காணமுங்ணா! ரெண்டும் பட்டு! அந்த வண்டியில..."

"வாயை மூடு புள்ள!" சென்னியப்பன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "வெள்ளிக்கெழமையும் அதுவுமாக் காணம், போச்சுன்னுட்டு! போயி ஒரு கற்பூரத்தைப் பத்த வை."

நான், "சார், போலீஸுக்கு..." என்றேன்.

"நீங்க ஒண்ணும் பாக்கலீங் அம்மணி. லச்சுமி இருக்கற எடத்துல, போச்சுன்னு சொன்னா, போறதுக்கு நாமளே வழி சொல்ற மாதிரிங்க. சனிக்கெழமை பெருமாளுக்கு உண்டானது, நாளைக்குப் புரட்டாசிச் சனி வேற. ஞாயித்துக்கெழமை ஆபீஸ் லீவு. திங்கக்கெழமை வந்து சொல்றேன், எழுதிக்குங்க. எப்பவும் அப்படித்தானுங்க."

எப்பவும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்தில் புளி இல்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நல்லா வெச்சுத் தர்றேன்" என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். யாரிடமும் எப்போது போனது என்று நான் கேட்டதே இல்லை. அவர்கள் வந்து சொன்ன தேதியைப் போட்டேன். என் திங்கட்கிழமைத் திருடன், உழைப்பாளி வர்க்கத்தின் நேர்மையான நிழல், ஒரு வெள்ளிக்கிழமைத் திருடன். நேர்மையானவனும் இல்லை. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறான்.

செப்டம்பர் 28, சனி

சென்னியப்பனிடம் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் தொந்தரவு.

"அது வேற, இது வேறங்க அம்மணி. என்ற கடையில ஒரு வெள்ளிக்கெழமை ஏதோ ஆச்சு. அதுக்காக ஊர்ல எல்லாத்துக்கும் வெள்ளிக்கெழமைதான் ஆவுதுன்னு சொல்ல முடியுங்களா? அறிக்கை அச்சுக்குப் போயிருச்சு. நீங்க மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. தீபாவளி முடிஞ்சதும் உங்களை நிரந்தரம் பண்ணிப்போடறோம். தனி ரூம்பு. ஏசி."

ஏசி அறையில் புத்தகம் படிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தேன். ஆய்வு முறையில் உள்ள சிக்கல்களைப் பற்றியும் யோசித்தேன். இந்த வரிசையில்தான் யோசித்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

வந்தவர்களிடம் முதல்முறையாகக் கேட்டேன். "எப்பங்க போச்சு?"

மிக்சிக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது ஆச்சுங்க, வெள்ளிக்கெழமையே." குடைக்கடைக்காரரும் வெள்ளி. பாத்திரக்கடைக்காரர் நான் கேட்டதற்கே கோபித்துக்கொண்டார்: "எப்பப் போனா என்னங்க? போனது போனதுதானே!" சென்னியப்பன் தன் இரண்டு பட்டுச்சேலைகளைச் சொல்லிவிட்டு, "எப்பவும் எழுதற மாதிரியே எழுதுங்க" என்றார்.

எழுதினேன். பொட்டுகளைத் திங்கள் கட்டத்திலேயே ஒட்டினேன். கோந்து நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 1, செவ்வாய்

ஊக்கு வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்பினாள். பேபியக்கா என்னைப் பார்த்ததும் ஈரத் துணியால் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா பொண்ணு பிராஜெக்ட் முடிச்சுப்போட்டாளா?"

"ம்."

"நேத்து உங்கம்மா வந்துச்சு. பெரிய பொண்ணு எப்படியிருக்கு, பேத்தி என்ன படிக்குதுன்னு கேட்டேன். எனக்கு இவ ஒருத்திதான், பேத்திக்கு நான் எங்க போறதுங்குது."

நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கிளிப்புகளை எண்ண ஆரம்பித்தேன்.

"செவுத்துல ஒட்டியிருக்கறதை உங்க ஆபீஸைக் கூட்டறவ அன்னிக்கே சொல்லிப்போட்டா. எதுக்குன்னுதான் தெரியல. எங்களை மைதானத்துக்குத் தள்ளப்போறாங்கன்னு வீதியே பேசுது, இப்பத் தெரிஞ்சுருச்சு. என்கிட்டயே பொட்டை வாங்கி, என்னையே தொரத்தறதுக்கு ஒட்டியிருக்க. அதுலயும் ஒரு அட்டை சும்மா வேற குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லோணும்!"

"அக்கா, அந்த மைதானத்துலயும்..."

"போயிப் பாத்தியா நீ? அங்க கொக்குதான் வருது. கொக்கு பொட்டு வெக்குமா? கிளிப்பு மாட்டுமா? தீபாவளி ஒரு மாசம்தான் கண்ணு எனக்கு வருசம். அது போனா மிச்சமெல்லாம் வெறும் நாளு."

பிறகு ஊக்கை எடுத்துக் கையில் வைத்தாள். "இது புதுச் சரக்கு. துருப்புடிக்காது. உங்கம்மாவுக்காக."

அக்டோபர் 3, வியாழன்

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். கொக்கு இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

ராகு காலம் முடிந்ததும் கூட்டம். சங்கத்தின் மாடி அறையில் என் சார்ட்டை மேடைக்கு நடுவில் தொங்கவிட்டு, அதற்கு மல்லிகைச் சரம்கூடப் போட்டிருந்தார்கள். நல்ல வேளை, மஞ்சள் குங்குமம் வைக்கவில்லை.

வாசல் மேசையில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச்செம்பு. செம்பு வெள்ளி, சென்னியப்பன் மனைவிக்கு அவர்கள் கல்யாணத்தில் வந்தது. "பத்தரமாக் கொண்டாந்து குடுக்கோணும்னு சொல்லித்தான் விட்டா" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். கார் வந்துவிட்டதென்று யாரோ சொல்ல, எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். அது ஐஸ்கிரீம் வேன். திரும்பி வந்து பார்த்தால் சந்தனம் இருக்கிறது, கற்கண்டு இருக்கிறது, செம்பு இல்லை.

அத்தனை வணிகர்களும் மேசையைப் பார்த்தார்கள். பிறகு கூரையைப் பார்த்தார்கள். சென்னியப்பன் முகத்தில் திருநீறு மட்டும்தான் தெளிவாக இருந்தது.

"ஆரும் ஒண்ணும் பேசப்படாது" என்றார் மெதுவாக. "வெள்ளிக்கெழமை."

துணை ஆணையர் வந்தபோது, பன்னீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு ஒருவர் பீய்ச்சினார். அந்த அம்மாளின் கண்ணாடி நனைந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். எண்ணெய்க்கார வீதி, மணிக்கார வீதி, பர்ஸ், வண்டி என்று ஒழுங்காகத்தான் போனது. அடுத்தது வெள்ளிக்கிழமைக் கட்டம். ஜன்னல் வழியே எதிர்ப்பக்கம் தெரிந்தது. கிழிந்த குடை இல்லாததால் அங்கே வெயில் அதிகமாக இருந்தது. வெயிலைத்தான் பார்த்தேன்.

"இந்தக் கட்டம் பொய் மேடம்" என்றது என் வாய்.

சென்னியப்பன் இருமினார். துணை ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொல்லுதீங்க? நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"தப்பா எழுதிட்டேன் மேடம். செயலாளர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கீழ நடைபாதைக் கடை ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கு ஏதாவது காணாமப் போச்சான்னு கேளுங்க."

அவர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சார்," என்றார் துணை ஆணையர். "ஏதும் போச்சா?"

சென்னியப்பன் எழுந்தார். சுவரில் லட்சுமி படம் அவரைப் பார்த்தது. போச்சு என்று சொன்னால் ஒரு பாவம். போகவில்லை என்று அவளுக்கு முன்னால் பொய் சொன்னால் அதைவிடப் பெரிய பாவம். அவர் உதடு இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. ஒரு நிமிடம் எனக்கே பரிதாபமாக இருந்தது.

கடைசியில் கையைக் கூப்பினார். "அதை... திங்கக்கெழமை சொல்றேனுங்க மேடம்."

"திங்கக்கிழமையா? ஏன், நாளைக்குச் சொல்லக்கூடாதா?"

"நாளைக்குப் புரட்டாசிச் சனிங்க."

அறையிலிருந்த அத்தனை தலைகளும், மிக்சி, குடை, பாத்திரம், ஜவுளி எல்லாம், ஒரே நேரத்தில் ஆமாம் என்று ஆடின. அந்தத் தலையாட்டலை யாரும் யோசித்துச் செய்யவில்லை. தன்னால் வந்தது.

துணை ஆணையர் அந்தத் தலைகளைப் பார்த்தார். எழுந்து சார்ட்டின் அருகே போனார். மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டு, பொட்டு அப்பிக் கிடந்த திங்கள் கட்டத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"அப்போ இதெல்லாம் வெள்ளிக்கிழமையா?"

தலைகள் சட்டென்று நின்றன. பின்வரிசையில் பாத்திரக்கடைக்காரர்தான், "எங்குளுது அப்படித்தானுங்க, மத்தவங்களுது தெரியாதுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரைக் கிள்ளினார்.

அந்த அம்மாள் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்கம்மையும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை வீடே தீப்பிடிச்சாலும் சனிக்கிழமைதான் சொல்லுவா." பிறகு சிரிப்பு நின்றது. "ஆளில்லாத வீதியில திருடுதவனுக்கு எவ்வளவு வசதி பாத்தீங்களா? பாக்க ஒரு கண்ணு கிடையாது, சொல்ல ஒரு வாய் கிடையாது. மைதானத்துக்கு மாத்துததுக்கு நான் ஒப்புதல் தர மாட்டேன். அடுத்த வெள்ளியிலருந்து அவங்களும் கடை போடட்டும்."

காபி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் குடித்தார்கள்.

அக்டோபர் 5, சனி

நேற்று சென்னியப்பன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு வரைக்கும் வந்து, "திங்கக்கெழமை வாங்க, பேசிக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ யாரையும் வெளியே அனுப்பமாட்டார். கண்ணியமான மனிதர்.

அம்மா புது உப்பு, புளி வாங்கி வந்தாள். ஏசி ரூம் எப்போது என்று கேட்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

சென்னியப்பன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"எழுதுங்க அம்மணி. ஒரு பன்னீர்ச்செம்பு."

"எப்பங்க சார் போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கெழமை" என்றார். ஏதோ பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது மாதிரி. "அதை ஒட்டிப்போட்டு நீங்க கெளம்பிக்கலாமுங்க. உங்க படிப்புக்கு இது சின்ன எடம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் திரும்பச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. சரிங்க சார் என்றேன்.

டப்பாவில் பொட்டு தீர்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் போனேன். பேபியக்கா வாடிக்கையாளர் ஒருத்திக்கு கிளிப் ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நீட்டி ஒரு அட்டையை எடுத்தாள்.

"ஆருக்கு? அக்கா பொண்ணுக்கா?"

"இல்லக்கா. வெள்ளிக்கிழமைக்கு."

"அப்பப் புதுச் சரக்கு தர்றேன் இரு" என்றாள். வேறு அட்டையை எடுத்தாள். "கூட்டத்துல என்னமோ பேசுனியாமா. பாத்திரக்கடைக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு."

"வேலை போயிருச்சுக்கா."

"அய்ய! அதை ஏன் கண்ணு காலங்காத்தால போணி நேரத்துல சொல்ற!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, குடை ஆடும்படி சிரித்தாள். நானும்தான்.

மேலே போய் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில், மணிக்கார வீதிக்கு நேரே, ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டினேன். கோந்து தேவைப்படவில்லை. கைப்பிடி நாற்காலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

வீட்டில் அம்மா மாடி வீட்டு அக்காவிடம் ஏசி ரூமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வேண்டாம். புதன்கிழமை சொல்கிறேன்.